பேனைக்கும் கூலி, மனிதனுக்கும் கூலி

1

ஜெர்மனியில் பேனைக்குக் கூலி என்று பெயர். குமிழ்முனைப் பேனைக்கு முழ நீளத்தில் ஒரு பெயர் வைத்துவிட்டு, அதைச் சொல்லி முடிக்கப் பொறுமை இல்லாமல் ‘கூலி’ என்று சுருக்கிவிட்டார்கள். அஞ்சலகத்தில், வங்கியில், டொக்டரின் வரவேற்பு மேசையில், எங்கே போனாலும் ஒரு வெள்ளைக்காரி தலை நிமிராமல் “கூலி வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்பாள். ஊரில் இருந்து இதை வாசிக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். நாங்களும் முப்பது வருடமாகச் சிரித்தோம்.

முதலில் சிரித்தது வந்த புதிதில்தான். கொலோனில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் எங்களுக்கு ஒரு டெர்மீன், அதாவது வரச்சொல்லிக் குறித்துக் கொடுத்த நேரம். என் கணவர் யாழ்ப்பாணக் கச்சேரியில் கிளாக்காக இருந்தவர். மடிப்புக் குலையாத சட்டையும் பையில் ஒரு பேனையுமாகப் போய் உட்கார்ந்தார். அதிகாரியின் பேனை எழுத மறுத்துவிட்டது. அந்த மனிதன் இவருடைய நெஞ்சுக்கு நேரே விரலை நீட்டி “கூலி? கூலி?” என்றான். இவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது. தன்னைத்தான் சொல்கிறான் என்று விளங்கியதும் இவருக்கு முகம் கறுத்துவிட்டது. எழுந்து நின்று, தெரிந்த இங்கிலீசில், “ஐ ஆம் நொட் எ கூலி! கவர்ன்மென்ட் கிளாக்!” என்று ஒரு சத்தம் போட்டார்.

மொழிபெயர்க்க எங்களுடன் வந்திருந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அண்ணை, இருங்கோ. அவன் உங்கடை பேனையைக் கேக்கிறான்.”

அன்று முதல் இவர் பேனை இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை. வெளிக்கிடும்போது “கூலி இருக்கோ?” என்று நான் கேட்பதும், சட்டைப் பையைத் தட்டி “இருக்கு, இருக்கு” என்று இவர் சொல்வதும் எங்கள் வீட்டு வழக்கம். இந்த வருடம் வசந்தத்தில் அதே சொல் என் மகளின் கலியாணத்தைக் குழப்பப் பார்த்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

2

எங்களுக்கு ஒரே பிள்ளை, தாரணி. இங்கே பிறந்தவள், மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். தமிழ் கதைப்பாள், வாசிக்க மாட்டாள். கோபம் வந்தால் டொச்சுக்கு, அதுதான் ஜெர்மன் மொழிக்கு, தாவிவிடுவாள். கோபத்தை முழுதாகக் கொட்டுகிற அளவுக்குத் தமிழ் அவளிடம் இல்லை. எனக்கோ டொச்சில் கடைக்குப் போய்வரலாம், சண்டை பிடிக்க ஏலாது. இதனால் எங்கள் வீட்டில் பல சண்டைகள் பாதியில் நின்றிருக்கின்றன. நல்லதுதான்.

ஒரு சனிக்கிழமை நான் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருக்க, அவள் வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“அம்மா, நான் ஒராளை விரும்புறன். கத்தாதேங்கோ.”

“நான் எப்ப கத்தினனான்?” என்று கத்தினேன். “தமிழோ?”

“இல்லை.”

“டொச்சோ?”

“இல்லை.”

“முருகா! அப்ப இனி என்ன மிச்சம் கிடக்கு?”

“சீனா. பேர் மிங். இஞ்சைதான் பிறந்தவன். என்ஜினியர்.”

தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்த இவர் தலையைத் திருப்பாமல், “டொக்டர் எனக்குச் சீனியே வேண்டாம் எண்டவர், நீ சீனாவையே கூட்டிக்கொண்டு வாறாய்” என்றார். தாரணி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு மிங் வந்தான். சப்பாத்தைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்தான், குழம்பு உறைத்துக் கண்ணால் தண்ணீர் ஓட ஓட இரண்டாம் தரமும் சோறு கேட்டுச் சாப்பிட்டான். என் முகம் தானாக இறங்கிவிட்டது.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. மிங்குக்குத் தாய் இல்லை. அவனுடைய சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். தகப்பன்தான் ஒரு சீனச் சாப்பாட்டுக்கடையை நடத்திக்கொண்டு அவனைத் தனியே வளர்த்தவர். “அப்பா ஓம் எண்டாத்தான் செய்வன் எண்டு மிங் சொல்லிப்போட்டான்” என்றாள் தாரணி. “நானும் அதுக்குச் சம்மதம். அந்த மனிசனை அழவைச்சுப்போட்டு எனக்கொரு கலியாணம் வேண்டாம்.” இங்கே பிறந்த பிள்ளைகள் எங்களைவிட்டு எங்கேயோ மிதந்து போய்விட்டார்கள் என்று நாங்கள் புலம்புகிறோம். அவள் அப்படிச் சொன்னபோது இந்தப் பிள்ளையை நான்தான் பெற்றேனா என்று அதிசயமாக இருந்தது.

3

தகப்பனை ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்தோம். ஹெர் லாம், எங்கள் வழக்கில் திரு. லாம், மெலிந்த மனிதர், அறுபது வயதிருக்கும். வந்ததும் எனக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். ரோல்ஸ் பொரித்திருந்தேன், கத்தரிக்காய்க் குழம்பு, இறால் பொரியல். எல்லாவற்றையும் ஒரு சமையல்காரரின் கண்ணோடு திருப்பித் திருப்பிப் பார்த்துச் சாப்பிட்டார். கத்தரிக்காயைப் பொரித்துவிட்டா குழம்பில் போட்டேன் என்று கேட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மேசைக்குக் கீழே தாரணி என் கையைப் பிடித்து அமர்த்தினாள்.

கதை மெல்ல ஊர்ப் பக்கம் போனது. பிறந்தது சீனாவில் கன்டோன் பக்கத்தில் ஒரு கிராமமாம், சிறுவயதில் ஹொங்கொங்குக்கு ஓடிவந்தார்களாம். பதினாலு வயதில் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனாராம். அதைச் சொல்லும்போது தோள் ஒரு பக்கம் இறங்கியிருப்பதைத் தொட்டுக் காட்டினார்.

எனக்கு நெஞ்சு உருகிவிட்டது. எனக்கு வாயும் கொஞ்சம் நீளம். இவர் பக்கம் திரும்பித் தமிழில், “ஐயோ பாவம், பதினாலு வயசிலை மூட்டை தூக்கியிருக்கிறார். நாசமாப் போவாங்கள், கூலி கூட ஒழுங்காக் குடுத்திருக்க மாட்டாங்கள்” என்றேன்.

ஹெர் லாம் கரண்டியைக் கீழே வைத்தார்.

“கூலி?” என்று கேட்டார். குரல் மாறியிருந்தது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவருக்கு மட்டும் எல்லாம் விளங்கிவிட்டது. விருந்தாளி எதையோ எழுதிக்கொள்ள விரும்புகிறார், கத்தரிக்காய்க் குழம்பின் செய்முறையாகத்தான் இருக்கும்! சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, முகமெல்லாம் சிரிப்பாக, இரண்டு கையாலும் நீட்டினார். “கூலி! தயவுசெய்து, கூலி!”

அந்த மனிதர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வெளுத்துப் போயிருந்தார். எழுந்தார், கோட்டை எடுத்தார், சாப்பாட்டுக்கு நன்றி சொன்னார், போய்விட்டார். மிங் ஒரு சப்பாத்தைக் காலிலும் மற்றதைக் கையிலுமாகப் பின்னால் ஓடினான். இவர் பேனையை நீட்டிய கையோடு அப்படியே நின்றார்.

4

மூன்றாம் நாள் மிங் வந்தான். தகப்பன் மறுத்துவிட்டார் என்றான். “என் மகனை எங்கேயும் கட்டிக் கொடுப்பேன், என்னை அந்தப் பெயர் சொல்லி அழைத்துவிட்டு ஒரு பேனையையும் காட்டிச் சிரித்த வீட்டில் மட்டும் முடியாது” என்று சொன்னாராம். தாரணி அழவில்லை, சண்டை பிடிக்கவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“என்ன பெயர்? நான் ஒரு பெயரும் சொல்லவில்லையே” என்று துள்ளினேன்.

அப்போதுதான் மிங் சொன்னான், அவர்களுடைய மொழியிலும் ‘கூலி’ இருக்கிறது என்று. மூட்டை தூக்குகிறவன், நாயைவிடக் கீழான வேலைக்காரன் என்று அர்த்தமாம். அவன் சொன்னதெல்லாம் டொச்சில். எனக்கு விளங்கிய தமிழில் எழுதுகிறேன்.

இங்கிலீசுக்காரருக்குச் சீனத் தேயிலை இல்லாமல் பொழுது விடியாதாம். சீனரோ வெள்ளியைத் தவிர வேறெதையும் விலைக்குப் பதிலாக வாங்க மாட்டார்களாம். வெள்ளி கரைவதைப் பொறுக்காமல், வங்காளத்தில் கசகசா பயிரிட வைத்து, அபினை எடுத்துச் சீனத்துக் கரையில் கொண்டுபோய் விற்றார்கள். அரசன் தடுத்தான். தடுத்ததற்காகப் போர்க்கப்பலோடு வந்தார்கள். “அந்தக் கப்பல்களில் மதராசிலிருந்து வந்த சிப்பாய்களும் இருந்தார்கள்” என்று சொல்லிவிட்டு மிங் தன் கையைப் பார்த்தான். மதராஸ் என்றால் எங்களைப் போலத் தமிழ் பேசியவர்களும் இருந்திருப்பார்கள்தானே. எனக்கு அது புதிது. ஊரில் எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

ஹொங்கொங் இங்கிலீசுக்காரர் கைக்குப் போனது, துறைமுகங்கள் திறந்தன, அபின் வெள்ளமாக வந்தது. மிங்கின் குடும்பத்தில், ஹெர் லாமின் பூட்டனுக்கு ஒரு அண்ணன். அபின் குழாயோடு பாயில் சாய்ந்தவன் எழும்பவே இல்லை. வயல் துண்டு துண்டாகப் போனது. தம்பியான பூட்டனை ஒரு தரகன் வயிறு நிறையச் சாப்பாடு வாங்கிக் கொடுத்துக் கப்பலேற்றினான். மலாயாவில் ஈயச் சுரங்க வேலை. இப்படி ஆள் பிடிப்பதை அவர்கள் ஊரில் ‘பன்றிக்குட்டி விற்கிறது’ என்பார்களாம். போனவர் போனவர்தான். வயிற்றில் பிள்ளையோடு நின்ற பெண்சாதியை ஊர் ‘கூலி பெண்சாதி’ என்றது, பிறந்த பிள்ளையைக் ‘கூலி பிள்ளை’ என்றது. நாலு தலைமுறையாக அந்தச் சொல்லை அவர்கள் வீட்டுக்குள் யாரும் சொல்வதில்லை. ஹொங்கொங் துறைமுகத்தில் வெள்ளைக்கார மேற்பார்வையாளன் பதினாலு வயது ஹெர் லாமை அதே சொல்லால் கூப்பிட்டிருக்கிறான். இங்கே பேனைக்குச் சொல்கிற கூலியை அவர் காதில் போட்டுக்கொள்வதில்லையாம். தன்னைப் பார்த்துச் சொன்னதாக அடுத்து அவர் அதைக் கேட்டது என் சாப்பாட்டு மேசையில்.

5

மறுநாள் தாரணி வேலைக்குப் போகவில்லை. காலையில் கணினிக்கு முன்னால் இருந்தவள் திடீரென்று கூப்பிட்டாள்.

“அம்மா, இஞ்சை ஓடிவாங்கோ. இந்தச் சொல் எங்கடையாம்!”

“எது எங்கடை?”

“கூலி. இங்கிலீசுக்காரர் தமிழிலையிருந்துதான் எடுத்தவை எண்டு போட்டிருக்கு. குஜராத்திலை ஒரு சாதியின்ரை பேர் எண்டும் சிலர் சொல்லினம். ஆனா கனபேர் சொல்லுறது தமிழ்க் கூலிதானாம். கப்பலிலை சீனாவுக்குக் கொண்டு போயிருக்கினம்.”

அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். யோசித்துப் பாருங்கள். கூலி என்றால் எங்களுக்கு என்ன? பாடுபட்டவன் கையில் வைக்க வேண்டிய காசு. அதை வைக்காமல் விட்டால் பாவம் என்று நினைக்கிற சனம் நாங்கள். அந்தச் சொல்லை ஒரு வெள்ளைக்காரன் எங்கள் கடற்கரையில் காதால் கேட்டிருக்கிறான். காசைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்தப் பெயரை மனிதனுக்கு மாட்டிவிட்டான். மாட்டியதோடு விட்டானா? கப்பலில் ஏற்றி உலகம் முழுக்கக் கொண்டுபோய், சீனத்து ஏழைக்கும் அதே பெயரைச் சூட்டினான். அது சீனருக்குள்ளே அவர்களுடைய சொல்லாகவே ஊறி, ஒரு பெண்ணை ஊரே சுட்டிக் காட்டி வைகிற சொல்லாகி, நாலு தலைமுறைக்குப் பிறகு கொலோனில் கத்தரிக்காய்க் குழம்புக்கு மேலாக எங்களிடம் திரும்பி வந்திருக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயமும் வந்தது.

அன்று முழுக்க வீட்டில் எதைப் பார்த்தாலும் அதே யோசனை. தேத்தண்ணி போட்டேன். எங்கள் மலைநாட்டுக்குத் தேயிலை வந்த கதையிலும் சீனத்துச் செடி உண்டு, கொண்டுவந்ததும் அதே இங்கிலீசுக்காரர்தான். அதைக் கிள்ள இந்தியாவிலிருந்து தமிழ்ச் சனத்தைக் காட்டு வழியாக நடத்திக் கூட்டிவந்து, அவர்களையும் கூலி என்றார்கள். வங்காளத்து மண்ணையும் கன்டோன் வயலையும் எங்கள் மலையையும் ஒரே ஊசியால் தைத்திருக்கிறார்கள். அம்மாடி! ஒரு சின்னத் தீவிலிருந்து வந்தவர்களுக்கு எவ்வளவு பெரிய கை!

இவர்தான் ஒன்றை ஞாபகப்படுத்தினார். “உன்ரை பூட்டனும் மலாயாவிலைதானே?”

ஓம். யாழ்ப்பாணத்தில் பல வீட்டுக்காரருக்கு இருந்தது போல எங்களுக்கும் ஒரு ‘மலாயாப் பென்சன்காரர்’ இருந்தார். என் பூட்டன் அங்கே ரயில்வேக் கந்தோரில் கிளாக். வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக அவர் நிற்கிற படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்கியது. ‘நாங்கள் கூலிக்குப் போனவையில்லை, உத்தியோகத்துக்குப் போனவை’ என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். அதே மலாயா, அதே வெள்ளைக்காரன். எங்கள் ஆள் பேனையோடு கதிரையில், அவர்களுடைய ஆள் ஈயக் குழிக்குள். அந்தப் பெருமை அன்றைக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

“நான் போய்க் கதைக்கப்போறன்” என்றேன்.

“அம்மா, உங்கடை டொச்சிலோ?” என்றாள் தாரணி. “நானும் வாறன்.”

“நீ வேண்டாம். பிழை விட்ட வாய் என்ரை வாய்தான்.”

6

கடை பூட்டியிருக்கிற திங்கட்கிழமை போனேன். ரயிலில் அரை மணித்தியாலம். வழி முழுக்க டொச்சு வசனங்களை வாய்க்குள் அடுக்கிக்கொண்டே போனேன். கண்ணாடிக் கதவைத் தட்டியபோது எல்லாம் மறந்துவிட்டது.

ஹெர் லாம் கதவைத் திறந்தார். உள்ளே விடுவாரோ என்று நின்றேன். கதிரைகளை மேசைக்கு மேல் கவிழ்த்து வைத்திருந்தார். ஒன்றை இறக்கி வைத்து என்னை இருக்கச் சொன்னார். தேநீர் கொண்டுவந்தார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை, முகத்தில்தான் ஒன்றும் இல்லை.

“நான் உங்களை அப்படிச் சொல்லவில்லை” என்று தொடங்கினேன். “அது எங்கள் மொழிச் சொல்.”

“எங்கள் மொழியிலும் இருக்கிறது.”

“தெரியும். உங்களுடையது எங்களுடையதிலிருந்து போனது. இங்கிலீசுக்காரர் எடுத்துக்கொண்டு போனார்கள். எங்களிடம் அது ஆள் இல்லை, சம்பளம். வேலை செய்தவருக்குக் கொடுக்க வேண்டியது. உங்களுக்கு அதைச் சரியாகக் கொடுத்திருக்க மாட்டார்கள் என்று என் கணவரிடம் கோபப்பட்டேன். அவர் பேனையைத் தந்தது, நீங்கள் பேனை கேட்டீர்கள் என்று நினைத்து. அந்த மனிசனுக்குச் சூது தெரியாது.”

நான் சொன்ன டொச்சில் எத்தனை பிழை இருந்ததோ தெரியாது. அவர் அசையாமல் கேட்டார். பிறகு விரலைத் தேநீரில் தொட்டு மேசையில் இரண்டு எழுத்து எழுதினார்.

“இது கசப்பு” என்றார். “இது பலம். இப்படித்தான் நாங்கள் எழுதுகிறோம். கசப்பான பலம். கூலி.”

பார்த்துக்கொண்டே இருந்தேன். சத்தம் எங்களுடையது, எழுத்து அவர்களுடையது. சம்பளம் என்று புறப்பட்டது கசப்பு என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர்களும் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. தங்களுக்கு நடந்தது என்னவென்று அந்தச் சத்தத்துக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டார்கள். கோயிலில் திரை விலகும்போது வருமே, அப்படி ஒரு நடுக்கம் எனக்கு அந்தப் பூட்டிய கடைக்குள் வந்தது.

“சம்பளம்” என்று அவர் தனக்குள்ளே சொன்னார். “சொல்லுக்குள்ளே அது இருந்திருக்கிறது. என் பூட்டனுக்குத் தெரியாது.”

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம், காரியம் பாதி கனிந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. ஆனால் சம்பந்தம் செய்யப்போகிற வீட்டில் ஒளித்துவைத்துவிட்டு எழும்ப மனம் வரவில்லை.

“இன்னொன்று” என்றேன். “என் பூட்டனும் மலாயாவில் இருந்தார். ரயில்வேயில் எழுத்து வேலை. இங்கிலீசுக்காரருக்குத்தான். உங்கள் பூட்டனைப் போன்றவர்களை அவரும் அந்தச் சொல்லால்தான் கூப்பிட்டிருப்பார்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். தாரணியின் வாழ்க்கையை நானே உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

“உங்கள் பூட்டன் ஊருக்குத் திரும்பி வந்தாரா?”

“ஓம். பென்சனோடு.”

“எங்களுடையவர் வரவில்லை.”

“தெரியும்” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. யாருக்காக என்று சொல்லத் தெரியவில்லை.

அவர் ஒரு துணியை எடுத்து மேசையைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். “இதை நீங்கள் சொல்லியிருக்கத் தேவையில்லை” என்றார். “சொல்லுவதற்காக ரயிலேறி வந்திருக்கிறீர்கள்.” என்னை உள்ளே வரச் சொன்னார்.

சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. சுவரில் சிவப்புப் பலகை, முன்னால் ஊதுபத்தி, மூன்று தோடம்பழம். மூதாதையர் பெயர்கள், என்றார். உடல் கிடைக்காதவரின் பெயரும் அதில் இருந்தது. எது என்று விரலால் காட்டினார்.

“கலியாணக் காலையில், வீட்டுக்கு வருகிற பெண்ணின் பெயரை இவர்களிடம் சொல்ல வேண்டும். பிழையாகச் சொல்லக் கூடாது. இவரை எல்லாரும் பிழையான பெயரால்தான் கூப்பிட்டார்கள். மிங் உங்கள் மகளின் பெயரை டொச்சுக்காரன் மாதிரிச் சொல்கிறான். நீங்கள் சொல்லுங்கள்.”

“தாரணி” என்றேன்.

“தாலணி.”

“தா-ர-ணி.”

டொச்சு ‘ர’வைத் தொண்டையிலிருந்து இழுத்துப் பார்த்தார், காறுவது போல வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது. நாக்கை எங்கே வைப்பது என்று கேட்டார். நான் வாயைத் திறந்து, பல் டொக்டரிடம் காட்டுவது போல நாக்கைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கவனமாகப் பார்த்தார். மீண்டும் சொன்னார், பிழைத்தது. மீண்டும், மீண்டும். நெற்றி வேர்த்துவிட்டது. போதும், இவ்வளவு வந்தாலே பெரிய காரியம் என்றேன். கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

பிறகு அந்தப் பலகையைப் பார்த்தபடி, மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக, “தாரணி” என்றார்.

“சரியா?”

“சரி” என்றேன்.

“அப்படியானால் இனி அவரிடம் சொல்லலாம்” என்றார் ஹெர் லாம்.